வர்ஷினியின் முறை

ஒரே மூச்சில் உங்களால் எத்தனை வரை எண்ண முடியும்? படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். நாற்பதைத் தொட்டால் நல்லது. ஐம்பதைத் தாண்டினால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். கோவையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு முறை செவிலி வந்து, "எண்ணுங்கம்மா" என்பாள். முதல் நாள் முப்பத்தொன்று. மறுநாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் மதியம் பதினாறு. கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சுக் குழாய் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அது சும்மா நின்றது, கல்யாண வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி.

பதினாறில் நின்றது எண். இறங்கவில்லை. ஏறியது. எனவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொடக்கம் அற்பமானது. ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, அதுவும் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்ந்தது. நான் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஈரத்தாளில் முளைத்த விதைகளை எண்ணுவது தொழில். உட்கார்ந்தே இருப்பதால் கால் மரத்துப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை செருப்பு காலில் நிற்கவில்லை. வியாழக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது, முழங்கால் என்ற ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோனது போல அது மடிய, ஐந்து படி உருண்டேன். சிராய்ப்புதான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

நரம்புகளில் சிறு மின்சாரம் வைத்து எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். வலி பெரிதில்லை, சுண்டிவிடுகிற மாதிரி. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். அது வலி. பிறகு டாக்டர் பெயரைச் சொன்னார்: கில்லன் பாரே. கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய நம் உடம்பின் காவல்படை, கிருமி போன பிறகும் வீட்டுக்குத் திரும்பாமல் நம்முடைய நரம்புகளின் மேலுறையையே உரிக்கத் தொடங்கிவிடும். காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகளைத் தொட்டால்தான் ஆபத்து. எண்ணச் சொன்னது அதற்காக.

என் கணவருக்குப் பீளமேட்டில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை. டாக்டர் சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப வயருக்கு மேல இருக்கற உறைதானுங்க போயிருக்குது? உள்ள காப்பர் நல்லாத்தான் இருக்குது?"

டாக்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "ரொம்பச் சரியாச் சொன்னீங்க."

"அப்பப் பயமில்லை அம்மணி," என்றார் என்னிடம். "காப்பர் போனாத்தான் வைண்டிங் புதுசாக் கட்டோணும். இது தானா வந்துரும்."

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏறிய மருந்தை விடவும் அந்த வாக்கியம் எனக்குள் நன்றாக ஏறியது. கால் திரும்பும், கை திரும்பும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் வந்தது வேறொன்றில்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது மாடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். உடன் இருப்பவருக்கு ஒரே ஒரு பாஸ். நீல அட்டை, கழுத்தில் தொங்கவிட வேண்டும். ஒருவர் வெளியே வந்து கழற்றிக் கொடுத்தால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். நிதின் கல்லூரி முதலாண்டு. வர்ஷினிக்குப் பதினைந்து. மித்ராவுக்குப் பன்னிரண்டு. மூவரும் கீழே வரவேற்பறையில் நீல அட்டைக்காகச் சண்டை போட்டதில் காவலாளி என் கணவரைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார்.

இவருக்கு ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். தோட்டம் வாய்க்கால் பாசனம். தண்ணீர் அங்கே கேட்டவருக்குக் கேட்டபோது வராது. இன்ன கிழமை, இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணி வரை இன்னார் தோட்டத்துக்கு என்று முறை உண்டு. முறைப்படி மடை திறக்கும், முறைப்படி அடைக்கும். பட்டறைச் சீட்டின் பின்பக்கத்தில் அதேபோல் எழுதினார். ஞாயிறு தவிர தினமும் நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை பிள்ளைகளுக்கு. திங்கள், வியாழன் நிதின். செவ்வாய், வெள்ளி மித்ரா. புதன், சனி வர்ஷினி. மிச்ச நேரமெல்லாம் இவர்.

"ஒருத்தரு மொறையில இன்னொருத்தரு மடைய ஒடைக்கப்படாது. சொல்லிப்போட்டேன்."

அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் நான் இவர்களில் ஒருவரோடு மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததே இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் மும்மூன்று. தீபாவளிக்கு ஒரே விலையில் மூன்று உடுப்பு. தோசைக்கல்லிலிருந்து சுற்று வரிசையில் மூன்று தட்டு. அழைப்பது கூட "பிள்ளைகளா" என்றுதான். மூன்றால் வகுத்தால் மீதி வராத அம்மா என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

நிதின் முதல் திங்கட்கிழமை வந்து அரைமணி நேரம் போனைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். மேசையிலிருந்து நகவெட்டியை எடுத்துப் பத்து விரலுக்கும் நகம் வெட்டினான், மிக மெதுவாக. ஒன்பதாவது விரலில் கேட்டான்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி நீ சாயங்காலம் எல்லாம் என்னம்மா பண்ணிட்டு இருப்ப?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாக்கும் உதடும் சரியாக இயங்காததால் குழறிக் குழறிச் சொன்னேன். சைக்கிள் எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிங்காநல்லூர்க் குளக்கரை வரை போய்த் திரும்புவேன் என்று. "காரணமே இல்லாமயா?" என்றான். அவனுக்கு என்னைப் பிடித்துப்போனது தெரிந்தது.

மித்ரா வேறு ரகம். கதவைத் திறக்கும்போதே பேச்சோடு திறப்பாள். என் இமைகள் முழுதாக மூடாது என்பதால் கண்ணில் சொட்டுமருந்து விட வேண்டும். அந்த வேலையைச் செவிலியிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"மேல பாருங்க மேடம். ஆங். அப்படித்தான். சமத்து."

"ஏண்டி, நான் உனக்கு மேடமா?"

"என்ற மொறையில நீ பேசண்டு. பேசண்டு பேசப்படாது."

வர்ஷினி முதல் புதன்கிழமை வந்தாள். நாற்காலியின் நுனியில் இருபது நிமிடம் இருந்தாள். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று போய்விட்டாள். சனிக்கிழமை அவளுக்குப் பதிலாக நிதின் வந்தான். அடுத்த புதன் மித்ரா. அந்தச் சனியும் மித்ரா. மூன்றாவது புதன்கிழமையும் கதவு பேச்சோடு திறந்தது.

"இன்னைக்கு அக்கா முறைதான?"

"நாங்க மாத்திக்கிட்டோம். அக்கா எனக்கு அவ சைக்கிளக் குடுத்துட்டா. அண்ணனுக்கு ஒரு மாசம் சட்டை அயர்ன் பண்ணித் தாரேன்னு சொல்லியிருக்கறா. அப்பாதான் சொன்னாரு, மொறைய மாத்திக்கறது தப்பில்லைன்னு."

ஏழு மணிக்கு வந்த இவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஊருல எல்லாம் பண்றதுதான் அம்மணி. எனக்கு இந்த மொறை தண்ணி வேண்டாம், நீ பாச்சிக்கன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு உடறதுதான்."

"ஏனுங்க, தண்ணி வேண்டாம்ன்னு எந்தத் தோட்டத்துக்காரனுங்க சொல்லுவான்?"

சிரிப்பு நின்றது. "மழை பேஞ்சிருந்தாச் சொல்லுவான்," என்றார். "இல்லாட்டித் தோட்டத்தையே உட்டுப்போட்டவன் சொல்லுவான்."

வெள்ளிக்கிழமை மித்ராவைக் குடைந்தேன். அவள் சொட்டுமருந்துப் புட்டியை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "உன்ற மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குதாமா. தனியா இருக்க முடியலையாமா. நாங்கெல்லாம் இருந்தா வாரேங்கறா. ஆனா பாஸ்தான் ஒண்ணே ஒண்ணு இருக்குதே."

நோய் என் முகத்தின் இரண்டு பக்க நரம்புகளையும் பிடித்திருந்தது. டாக்டர் சொல்லியிருந்தார், எனக்குப் பெரிதாகப் படவில்லை. முகத்தைச் சுமப்பவருக்கு முகம் தெரியாதே. மித்ராவின் போனை வாங்கி என்னை நானே பார்த்தேன். இஸ்திரி போட்ட துணி. ஒரு சுருக்கம் இல்லை. நாற்பத்தாறு வயதில் அதில் ஒரு லாபம் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்மணி யாரையோ இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் மேலோ தீராத வருத்தத்தில் இருப்பவள் போல. ஒரு பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நானே நின்றுகொண்டு வருவேன்.

வர்ஷினி நடக்கப் பழகிய நாளிலிருந்தே ஓர் அடி வைக்கும் முன் என் முகத்தைப் பார்ப்பாள். மூத்தவன் பார்க்காமல் ஓடினான். இளையவள் யார் பார்த்தாலும் ஓடுவாள். இவள் மட்டும் என் புருவத்தைப் படித்துவிட்டுத்தான் பாயசம் இன்னொரு கரண்டி கேட்பாள். மூன்று பேர் இரைச்சலில் அது எனக்குத் தெரிந்தும் தெரியாத விஷயம். இப்போது அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகம் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது.

இதை உணர்ந்த பிறகு செய்யக்கூடாததைச் செய்தேன். சனிக்கிழமை அவள்தான் வர வேண்டும், வேறு யாரும் வந்தால் அறைக்குள் விடாதீர்கள் என்று இவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வந்தாள். உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"ம்."

"பரீட்சை எப்ப?"

"அடுத்த வாரம்."

என்னால் முடிந்த பலத்தையெல்லாம் திரட்டி உதட்டை மேலே இழுத்தேன். சிரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இடது கடைவாய் மட்டும் வெடவெடவென்று துடித்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "வலிக்குதாம்மா? நர்ஸக் கூப்பிடட்டா?"

வேண்டாம் என்றேன். கால் விரல் அசையத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது, கையால் டம்ளர் பிடிக்க முடிந்தது. உடம்பு ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் தூரமாகிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பிசியோதெரபி. தரைத்தளத்தில். அன்று பார்த்து லிஃப்ட் பழுது. சக்கர நாற்காலி தள்ளும் சரசக்கா கதவில் எட்டிப் பார்த்தார். "அம்மணி, சாய்வுப் பாதையிலதான் போகோணும். நாலாம் நம்பர் ரூம்பு ஆளையும் எறக்கோணும் நானு. நீயே மெதுவாத் தள்ளீட்டுப் போ கண்ணு, வளைவுல மட்டும் இறுக்கிப் புடிச்சுக்க. சித்தெ நேரத்துல பின்னாலயே வாரேன்."

வரவில்லை. நாங்கள் இருவரும் அந்த நீளமான சிமெண்டுச் சரிவில் இறங்கினோம். பக்கவாட்டில் ஜன்னல்கள், வெளியே வேப்பமரத்தின் மேல்பாதி. முதல் வளைவு வரை சக்கரச் சத்தம் மட்டும். இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, கனமாத்தான் இருக்கற நீ."

"உங்கப்பாகிட்டச் சொல்லிராத."

கொஞ்ச தூரம் போனோம். "அம்மா, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

"நான் டியூசனுக்குப் போறதில்லை. ரெண்டு மாசமா. ஸ்கூல் கிரவுண்டுல கோகோ பிராக்டீஸ் போறேன். என்னைய டீம்ல எடுத்துட்டாங்க. நீ படியில உழுகறதுக்கு மொத நாளு ராத்திரியே சொல்லிரலாம்ன்னு இருந்தேன். சாப்பிட உக்காந்தப்ப நீ என்னயவே பாத்துட்டு இருந்த. நான் பாத்தேன், நீ கண்ணக்கூடச் சிமிட்டல. தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேன். அப்பறம் ஐசியுல வந்து பாத்தப்பவும் அப்படியேதான் பாத்த. ரூம்புலயும் அப்படியேதான். இன்னும் கோவம் போகலைன்னு…"

முகத்தில் எப்போது தொடங்கியது என்று டாக்டர் இரண்டு முறை கேட்டிருந்தார். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் படியில் விழுவதற்கு முந்தின நாளே என் கண் இமைக்காததைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். பார்த்து, அதற்குக் கோபம் என்று பெயர் வைத்து, ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

அது நோய் கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொன்று மண்டையில் ஏறியது. இரண்டு மாதம்! இரண்டு மாதமாக டியூசன் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேன்" என்று வாசலில் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நான் படுத்துக் கிடந்தவள்தான், ஆனால் அம்மா. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

சக்கரம் நின்றது.

"இப்பத்தான் உனக்குக் கோவம்," என்றாள் பின்னாலிருந்து.

"எப்படித் தெரியும்?"

"உன்ற பொடனி நட்டுக்கிச்சு."

பொடனி என்றால் எங்கள் பக்கத்தில் பிடரி, நட்டுக்கிச்சு என்றால் விறைத்துக்கொண்டது. என்னால் அடக்க முடியவில்லை. முகம் அசையாவிட்டால் என்ன, சிரிப்பு வேறு வழி கண்டுபிடித்து வெளியே வந்தது.

"இப்பச் சிரிக்கற. தோளு குலுங்குது." குரல் உடைந்திருந்தது. "அப்ப இவ்வளவு நாளா கோவமில்லையா?"

"இல்லடா. அது உறை கழண்ட வயரு. அப்பாகிட்டக் கேளு. கோவம் இப்பத்தான் வந்துச்சு, உடனே போயிருச்சு."

கீழே வந்து சேர்ந்ததும் பிசியோதெரபி அறை வாசலில் நிறுத்தாமல் அப்படியே திருப்பச் சொன்னேன். ஏற்றம். அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். டீமில் தன் இடம், குட்டையாக இருப்பதால் திரும்புவது சுலபம் என்று மாஸ்டர் சொன்னது, உடன் படிக்கும் ஒருத்தி பேசாமல் போனது, எனக்கு மூச்சு நின்றுவிடும் என்று யாரோ உறவுக்காரர் போனில் சொன்னதைக் கேட்டது. முன்னால் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வருடம் ஆகியிருக்கும். பின்னால் நின்று இரண்டு சரிவில் சொல்லி முடித்தாள். பிசியோதெரபிக்கு முக்கால் மணி தாமதம். திட்டு எனக்குத்தான்.

அன்று மாலை வீட்டில் பெரிய கலவரம் நடந்ததாகக் கேள்வி. வர்ஷினி தன் முறைகளைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். மித்ரா மறுத்திருக்கிறாள். "சைக்கிள் ஒரு மாசத்துக்குன்னு பேச்சு! பேச்சுன்னா பேச்சு!" இவர் மூவரையும் உட்கார வைத்து வாய்க்கால் தகராறு தீர்ப்பது போலத் தீர்த்திருக்கிறார். சைக்கிள் மித்ராவுக்கு மாதம் முடியும் வரை, முறை வர்ஷினிக்கு உடனே. நிதின் சட்டையை அவனே தேய்த்துக்கொள்ள வேண்டியது. அவன்தான் நட்டப்பட்டவன்.

மறுநாள் டாக்டரிடம் வர்ஷினி பார்த்ததைச் சொன்னேன். புருவத்தை உயர்த்தி, கோப்பில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

லிஃப்ட் அந்த வாரமே சரியானது. புதன், சனிகளில் எங்களுக்கு அது பழுதாகவே இருந்தது.

மருத்துவமனையில் மொத்தம் நாற்பத்து மூன்று நாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். வீடு வந்த ஆறாவது வாரம் முகத்தின் வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் சோம்பேறி, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இரண்டு பாதத்திலும் ஒரே சமயத்தில் எறும்பு ஊர்ந்து, படியேறக் கால் மறுத்தால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அன்றே போங்கள். பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிற நோய் இது. நான் வந்துவிட்டேன், பாருங்கள்.

பட்டறைச் சீட்டு இப்போது குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. கிழமைகள் அப்படியே. மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை, முக்கால் மணி கிடைக்கிறது. நிதினோடு கடைக்குப் போகிறேன். மித்ரா என்னைத் தன் நோயாளியாகவே வைத்திருக்கிறாள்.

போன வாரம் வர்ஷினி சமையலறைக்கு வந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாதி முகம்தான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது போல.

"சனிக்கெழமை மேட்ச். வாரியாம்மா?"

"எல்லாரும் வாரோம்."

"எல்லாரும் வேண்டாம். நீ மட்டும் வா."

போனேன். மைதானத்துச் சிமெண்டுப் படியில், ஒரு கையில் கைத்தடியோடு, நான் மட்டும். துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம். வர்ஷினி மூன்றாவதாக, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. ரிப்பனுக்குக் கீழே அவள் பொடனி விறைத்து நின்றது. பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விசில் ஊதியது; துரத்தி வந்தவள் முதுகில் தட்டி "கோ" என்றதும் எழுந்து ஓடினாள்.